சொந்தமாக ஒரு வரி: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் திருப்புதல் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' கதையைப் பத்தியாக எழுதச் சொன்ன கேள்வி. பையன் அழகான கையெழுத்தில் நன்றாகவே தொடங்கியிருந்தான். தீவு, மந்திரம் தெரிந்த ப்ராஸ்பெரோ, மகள் மிராண்டா எல்லாம் வந்துவிட்டது. நாலாவது வரியில் ப்ராஸ்பெரோ பசியோடு மீனைப் பார்க்கிறார். ஐந்தாவது வரியில் பாறை விளிம்பிலிருந்து பாய்ந்து சிறகை விரிக்கிறார்! முதல் பாடத்தில் வரும் கடற்பறவைக் குஞ்சு, வழி தவறி டெம்பஸ்டுக்குள் வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பத்தியையும் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொன்னது நான்தான். அவன் விடையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம். ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு வரி, ஒரே ஒரு வரி, தன் சொந்த ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தப்பாக இருக்கட்டும், சொந்தமாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்கான ஏற்பாடுதான். பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியிலும், அதற்கு முன் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு பள்ளியிலும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கும், வீட்டில் டியூஷன் எடுக்கும் தங்கைகளுக்கும் உதவலாம்.

தேவையான பொருள்: ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு. எங்கள் வகுப்பில் அதற்கு 'ஒரு வரி நோட்டு' என்று பெயர்.

படி 1: யாருக்கு எதுவரை தெரியும் என்று பாருங்கள்

ஜூன் முதல் வாரத்தில் கேள்வித்தாள் வேண்டாம். ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்து மூன்று வேலை கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஐந்து வரி படிக்கச் சொல்லுங்கள். படித்ததில் என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்பதை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 45 பேருக்கு 90 நிமிடம். மூன்று பீரியடில் முடிந்துவிடும். மற்றவர்கள் அதுவரை தங்கள் ஊரின் வரைபடம் வரையட்டும், பின்னால் வழி சொல்லும் பயிற்சிக்கு ஆகும்.

முடிவில் நான்கு கூட்டம் தெரியும். எழுத்தே தடுமாறுபவர்கள். கடகடவென்று படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று தெரியாதவர்கள். படித்தால் புரியும், ஆனால் ஒரு வரி எழுத வராதவர்கள். தாமாகவே எழுதுபவர்கள். இதில் இரண்டாவது கூட்டம்தான் ஆளை ஏமாற்றும். அதிகாரி யாராவது வகுப்புக்கு வந்தால் அவர்களைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வோம், எல்லோருக்கும் சந்தோஷம். என் பிள்ளைகளில் மூன்றாவது கூட்டம்தான் எப்போதும் பெரியது.

இந்தப் பட்டியல் உங்கள் டைரியோடு இருக்கட்டும். 'மெல்லக் கற்போர்' என்று பெயரைச் சுவரில் ஒட்டினால் அந்தப் பிள்ளை அந்தப் பெயராகவே மாறிவிடும்.

படி 2: காதைத் திறந்துவிட்டு எழுத்துக்குப் போங்கள்

பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பார்கள். வசதியான வழக்கம்தான், ஆனால் ஓட்டைப் பாத்திரம். குண்டூசியும் 'பின்', குப்பைத் தொட்டியும் 'பின்'. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொல்.

இதைப் பிள்ளைக்கு விளக்க ஒரே சொல் போதும்: பாம்பு. முதல் 'ப' ஒரு மாதிரி ஒலிக்கிறது, 'ம்' என்பதற்கு அடுத்து வரும் 'ப' வேறு மாதிரி ஒலிக்கிறது. யாரும் சொல்லித்தராமலே சரியாகச் சொல்கிறோம், ஏனென்றால் தமிழில் எழுத்தின் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குண்டூசியைச் சொன்னால் காகிதம் ஆடும். குப்பைத் தொட்டியைச் சொன்னால் அவ்வளவு ஆடாது, தொண்டையில் கை வைத்தால் அதிர்வது தெரியும். அந்தக் காகித விளையாட்டை ஒரு பீரியட் முழுக்க ஆடினாலும் வீணில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும், அதிலும் கிருஷ்ணகிரியின் கர்நாடக எல்லைப் பக்கம், ஒரு பெரிய வசதி இருக்கிறது. பலர் அதைக் குறை என்று நினைக்கிறார்கள். தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்பார்கள். குளிருக்காக வந்த பெயர். அந்த இங்கிலாந்தில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடமோ தெலுங்கோ. தமிழ் எழுதத் திணறுகிறார்கள் என்பதால் ஆங்கிலத்துக்கும் பின் பெஞ்சில் போய்விடுகிறார்கள். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அந்த இரண்டு 'ப' ஒலியும் வெவ்வேறு. வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு 'ஃபேன்' என்பதும் 'ஜீரோ' என்பதும் நாக்கிலேயே இருக்கிறது. காகித விளையாட்டுக்கு இவர்களைத் தலைவராக்குங்கள். எட்டாம் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த ஒரு தெலுங்குக்காரப் பிள்ளை, வகுப்பையே திருத்தும் வேலை கிடைத்ததும் மூன்றே நாளில் முன் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

அடுத்தது 'புக்கு', 'பஸ்ஸு', 'இஸ்கூலு'. கேலி செய்ய வேண்டாம், காரணம் இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் வாய் தானாக ஓர் உகரத்தைச் சேர்க்கிறது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது, அதனால் முன்னால் ஓர் 'இ' வந்து நிற்கிறது. குற்றியலுகரம் தமிழ் வகுப்பில் படித்ததுதானே என்று நினைவுபடுத்தினால், "ஓ, அதுதானா டீச்சர்" என்கிறார்கள். பாதிப் பிழை அங்கேயே போய்விடுகிறது.

எழுத்து விதிகளில் அதிகம் பலன் தருவது கடைசியில் வரும் ஊமை 'ஈ' எழுத்து. தான் ஒலிக்காது, முன்னால் இருக்கும் உயிரெழுத்தைத் தன் பெயரையே சொல்ல வைக்கும். 'கிட்' என்பதில் அதைச் சேர்த்தால் 'கைட்', 'பின்' என்பதில் சேர்த்தால் 'பைன்', 'ஹாப்' என்பதில் சேர்த்தால் 'ஹோப்'. விதிவிலக்கு உண்டு, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 26 எழுத்துக்கு ஏறத்தாழ 44 ஒலி என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தன் மீது வரும் சந்தேகம் குறையும், குழப்பம் அந்த மொழியில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 10 நிமிடம், ஆறு வாரம். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஆப்பிள் படம் போட்ட அட்டையை நீட்டாதீர்கள், வெட்கப்படுவான். பஸ் பலகை, உர மூட்டை, பூச்சிமருந்து டப்பா, விதைப் பாக்கெட் என்று வீட்டில் கிடக்கும் ஆங்கிலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்து டப்பா என்றால் கழுவிய காலி டப்பா, அல்லது மேலே இருக்கும் தாள் மட்டும்.

படி 3: வாக்கியத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படிதான் முதுகெலும்பு, இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். காலங்களின் பெயரைப் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொடுப்பது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பிள்ளை ஏன் அப்படித் தப்பு செய்கிறது என்று தமிழில் தேடினால் விடை அங்கேயே கிடைக்கிறது.

'முருகன் பாம்பைப் பார்த்தான்.' 'பாம்பை முருகன் பார்த்தான்.' எப்படி மாற்றினாலும் பார்த்தது முருகன்தான். 'ஐ' உருபு பாம்போடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது, நிற்கும் இடம்தான் உருபு. இடம் மாறினால் பாம்பு முருகனைப் பார்த்துவிடும். மூன்று பிள்ளைகளிடம் மூன்று அட்டை கொடுத்து வரிசையில் நிறுத்தி இடம் மாற்றிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வினையைக் கடைசியில் வைப்பவை. இந்த விஷயத்தில் வகுப்பு முழுக்க ஒரே கட்சி.

அடுத்து ஆள். 'வந்தேன்' என்றால் அதிலேயே நான் இருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஐ கேம்' என்று ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாமல் வண்டி நகராது. 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்றதும் ஒரு பையன் கேட்டான், "எது டீச்சர் அந்த இட்?" நல்ல கேள்வி. அது ஒன்றும் இல்லை, சீட்டைப் பிடித்து வைப்பதற்காக உட்கார வைத்த ஆள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதில்லையா, அது மாதிரி.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. 'எங்க அப்பா டிரைவர்' என்பது தமிழில் முழு வாக்கியம், வினையே இல்லை. அதனால் 'மை ஃபாதர் டிரைவர்' என்று எழுதுகிறார்கள். நடுவில் 'இஸ்' வேண்டும்.

அப்புறம் 'எனக்கு'. இதைப் பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள்:

எனக்குப் பசிக்கிறது: ஐ ஆம் ஹங்ரி
எனக்கு இரண்டு அண்ணன்: ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்
எனக்குத் தெரியும்: ஐ நோ
எனக்கு வேண்டும்: ஐ வான்ட்

தமிழில் 'எனக்கு' என்று ஓரமாக நிற்பவர், ஆங்கிலத்தில் 'ஐ' என்று முன்னால் வந்து நிற்கிறார். இந்த நான்கு வரி பிடிபட்டால் 'டு மீ' என்று தொடங்கும் வாக்கியங்கள் காணாமல் போகும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் பிழை 'டிட் யூ கேம்?' தமிழில் 'வந்தாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடுகிறது, காலம் வினையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் கேள்விக்கு 'டிட்' என்ற ஆள் வெளியிலிருந்து வருகிறார். வந்தவர் இறந்தகாலத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். ராயக்கோட்டை மண்டியில் ஒரு தக்காளிக் கூடையை இரண்டு பேர் தலையிலா வைப்பார்கள்? 'டிட்' சுமந்துவிட்டால் வினை கூடையை இறக்கிவிட வேண்டும். 'டிட் யூ கம்?' எங்கள் வகுப்பில் இந்தப் பிழைக்குப் பெயரே 'கூடை'. நோட்டில் நான் ஒரு சின்னக் கூடை வரைந்தால் போதும், அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

'இல்லை' என்பதைத் தனியாகக் கவனியுங்கள். 'அவன் வரவில்லை' என்ற வரியில் காலம் தெரியாது. நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை, இப்போது நம்மோடு வரவில்லை, எல்லாம் அதே சொல்தான். ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று உருவம் கேட்கும். அதனால் மொழிபெயர்க்கச் சொல்வதற்கு முன்னால் "எப்போ?" என்று கேட்கப் பழக்குங்கள்.

பெயருக்கு அடைமொழி வருவதும் தலைகீழ். 'நேற்று மாம்பழம் வாங்கிய பெண்' என்பதில் கதை முழுவதும் முன்னால் வந்து, பெண் கடைசியில் வருகிறாள். ஆங்கிலத்தில் பெண் முன்னால், 'ஹூ' என்று வால் பின்னால். பத்தாம் வகுப்பில் வாக்கியம் இணைக்கச் சொல்லும் கேள்வியில் பாதிப் பேர் தடுமாறுவது இந்த வாலில்தான். நேர்கூற்று, அயற்கூற்றும் அப்படியே. 'நான் வருகிறேன் என்று சொன்னான்' என்றால் தமிழ் அவன் சொன்னதை அப்படியே வைத்து 'என்று' போட்டு மூடிவிடும். ஆங்கிலத்தில் 'நான்' 'அவன்' ஆக வேண்டும், வினையும் ஒரு படி பின்னால் போக வேண்டும். விதிப் பட்டியலுக்கு முன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் பட்டியலே சின்னதாகிவிடும்.

'இன்', 'ஆன்', 'அட்' மூன்றுக்கும் நம்மிடம் பெரும்பாலும் ஒரே 'இல்' தான். உள்ளே, மேலே, ஒரு புள்ளி என்று மூன்று படம் வரைந்துவிட்டு நகருங்கள். மீதி படிக்கப் படிக்க வரும்.

இந்தப் படியில் தொடங்கும் ஒரு வரி நோட்டு வருடம் முழுக்க ஓட வேண்டும். பாடம் தொடங்கும் முன் மூன்று நிமிடம். தலைப்பு கொடுக்காதீர்கள், கொடுத்தால் எல்லோரும் ஒரே வரியை எழுதுவார்கள். நேற்று பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது, சண்டை போட்டது, எதுவானாலும் சரி. பக்கத்தில் இருப்பவன் எழுதாத வரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: சொற்கள்

வீட்டிலிருந்து 100 ஆங்கிலச் சொல் திரட்டிவரச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். டிராக்டர், ஸ்ப்ரேயர், நர்சரி, லோடு, ஷிஃப்ட், கம்பெனி, ஓவர்டைம் என்று வந்து குவியும். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் போகும் அண்ணனும், மாங்கூழ் ஆலைக்கு சீசன் வேலைக்குப் போகும் அம்மாவும் தினமும் ஆங்கிலம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரிந்த சொல்லுக்கு எழுத்து கற்பது, தெரியாத சொல்லைக் கற்பதைவிடப் பாதி வேலை. ஒரே எச்சரிக்கை: சில சொற்கள் நம் வாய்க்கு வந்து பொருள் மாறிவிட்டன. 'கரண்ட் போச்சு' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் வெளியாளுக்குப் புரியாது. 'த பவர் இஸ் அவுட்' என்று சொல்லிக்கொடுங்கள்.

படி 5: உரைநடைப் பாடம்

வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போவது பழைய முறை. கதை முழுவதும் தமிழில் கேட்டுவிட்ட பிள்ளை அதை மறுபடி ஆங்கிலத்தில் ஏன் படிக்க வேண்டும்? நான் தமிழைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன், ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவேன்.

பத்தாம் வகுப்பின் முதல் பாடமான 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' கதையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். "கிணத்துல நீச்சல் எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். வகுப்பு கொதிக்கும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிய தாத்தா கதை, பிளாஸ்டிக் கேன் கட்டிய அண்ணன் கதை, படியில் நின்று அழுதவனைத் தள்ளிவிட்ட மாமா கதை. அரை மணி நேரம் விடுங்கள். பிறகு சொல்லுங்கள்: ஒரு கடற்பறவைக் குஞ்சு இருக்கிறது. இரண்டு அண்ணன்களும் ஒரு தங்கையும் பறந்துவிட்டார்கள், இவன் மட்டும் பாறை விளிம்பில். பசி. அம்மா ஒரு துண்டு மீனோடு பக்கத்தில் பறந்து வருகிறாள், எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறாள். அப்புறம்? அப்புறம் புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டாம் நாள் நீங்கள் சத்தமாகப் படியுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும், காது மட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பயப்பட வேண்டிய இடத்தில் குரலைக் குறைத்துப் படிக்க, முந்தின இரவு வீட்டில் இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். வெட்கமே வேண்டாம், நான் இன்றும் செய்கிறேன். மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கொடுத்து மௌன வாசிப்பு: அம்மா ஏன் மீனை நேரே கொடுக்கவில்லை? நான்காம் நாள் நால்வர் கூடிப் பேசி, மூன்று வரி எழுதுவார்கள். புத்தகத்தின் வினா விடை ஐந்தாம் நாள்தான். அதற்குள் பாதி விடையை அவர்களே எழுதியிருப்பார்கள், கைடு தேவைப்படாது.

எல்லாப் பாடத்துக்கும் இத்தனை நாள் கிடைக்காது. அதனால் தேர்ந்தெடுங்கள். தகவல் பாடங்களை இரண்டு பீரியடில் முடித்துவிட்டு, கதைகளுக்கு நேரத்தை ஒதுக்குவது என் வழக்கம்.

எல்லைப் பக்கம் வேலை பார்த்தவள் என்பதால் அல்போன்ஸ் தோதேயின் 'தி லாஸ்ட் லெசன்' எனக்குத் தனி. 1870, 71 போரில் பிரான்சு தோற்றபின், அல்சாஸ் பகுதிப் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. அங்கே 40 வருடம் பாடம் நடத்திய ஹாமெல் வாத்தியாரின் கடைசி பிரெஞ்சு வகுப்பு. பாடம் படிக்காமல் ஊர் சுற்றிய பையன் ஃபிரான்ஸ்தான் கதை சொல்கிறான். இதை நடத்தும்போது வீட்டு மொழியைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாடமே வீண். நான் கேட்டேன், வீட்டில் எந்த மொழியில் திட்டு வாங்குவீர்கள் என்று. ஒரு பிள்ளை எழுந்து, "எங்க பாட்டிக்குக் கன்னடத்துலதான் திட்ட வரும் டீச்சர், தமிழ்ல திட்டுனா அவங்களுக்கே சிரிப்பு வந்துடும்" என்றாள். அன்று அவள் நோட்டில் இருந்த வரி: 'மை கிராண்ட்மதர் ஸ்கோல்ட்ஸ் ஒன்லி இன் கன்னடா.' அதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

படி 6: கவிதை

கவிதை என்றாலே 'போயம் அப்ரிசியேஷன்' கேள்விக்கு விடை என்று ஆகிவிட்டது. முதலில் கைதட்டுங்கள். தமிழில் அசைகள் ஏறத்தாழ ஒரே அளவில் போகும். ஆங்கிலம் சில அசையை அழுத்தி, சிலவற்றை விழுங்கிவிட்டுப் போகும். அழுத்தும் இடத்தில் மட்டும் கைதட்டிக்கொண்டு வாசித்தால் தாளம் கிடைக்கும், மனப்பாடமும் பாதி முடியும்.

அணிகளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டாம், தமிழாசிரியர் ஏற்கெனவே கற்பித்துவிட்டார். சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். அல்லிட்டரேஷன் நம் மோனைக்குப் பக்கத்து வீடு. ரைம் என்பதை எதுகை என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, அது தவறு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கில ரைம் வரியின் கடைசியில் வருவது, அதாவது இயைபு. ஒலியை வைத்துப் பார்க்க வேண்டும், எழுத்தை வைத்து அல்ல. ஒரே மாதிரி எழுதி வேறு மாதிரி ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய.

ஐரனி என்பதை விளக்கப் பலரும் திண்டாடுகிறார்கள். நமக்கு என்ன கவலை? அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, நம்முடையது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் பெருமையோடு காட்டிய ஆயுதச் சாலையைப் பார்க்கிறாள். உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையதோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போல இகழ்ச்சி, இகழ்வது போலப் புகழ்ச்சி. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. "யாருடைய ஆயுதம் போரைப் பார்த்தது?" என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் விடை வரும். இதுதான் ஐரனி என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகலாம். அதியமான்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படி 7: எழுத்தும் திருத்தமும்

ஒரு வரி, செப்டம்பரில் மூன்று வரி ஆகட்டும். காலாண்டு விடுமுறைக்குப் பின் ஒரு பத்தி. கடிதம் என்றால் உண்மையான கடிதம்: ஊருக்கு வரும் பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு, தெருவிளக்கு எரியவில்லை என்று. உள்ளே சொல்ல ஏதாவது இருந்தால்தான் வடிவம் மனதில் நிற்கும். வழி சொல்லும் கேள்விக்கு, ஜூனில் வரைந்த ஊர் வரைபடத்தை எடுங்கள். பள்ளியிலிருந்து தக்காளி மண்டிக்கு, மண்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு.

திருத்துவதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை தீட்டினால் பிள்ளை மறுநாள் பாதுகாப்பாக, யாரோ எழுதிய வரியைக் காப்பி அடித்துக் கொண்டுவரும். வாரத்துக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் கூடை, அடுத்த வாரம் ஆள், அதற்கடுத்த வாரம் வால். மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். தலைமையாசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு ஏன் இதைத் திருத்தவில்லை என்று கேட்கலாம். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். முறையை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிரச்சினை இல்லை. 45 நோட்டு, ஆளுக்கு ஒரு வரி, ஒரே பிழை: அரை மணி நேர வேலை.

படி 8: பேச்சு

மேடையில் ஏற்றிப் பேச வைப்பது நன்றாகப் பேசுபவனுக்கு மட்டும் உதவும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம், தினமும், தன் ஒரு வரியைச் சொல்லி அடுத்தவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது என்பது ஒரே சட்டம். முதல் மாதம் பாதி தமிழாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

படி 9: பொதுத்தேர்வு

பத்தாம் வகுப்பில் இப்போது ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. சொந்த வரி பேசிக்கொண்டிருந்தால் பாஸ் யார் போடுவது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜனவரியிலும் எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு நானும் மனப்பாடப் பாடல், வழி சொல்லுதல், கடிதம், விளம்பரம், படம் பார்த்து எழுதுதல் என்று குறைந்த அளவுப் பயிற்சிதான் தருகிறேன். அவன் தோற்றுப்போய்க் கட்டட வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கொள்கை பேச முடியாது. ஆனால் அவனும் படத்தைப் பார்த்துத் தானே ஐந்து வரி எழுதட்டும். ஒரு வரி நோட்டில் பழகிய கை அதைச் செய்துவிடும், அதற்குத் தனி மெட்டீரியல் வேண்டாம்.

ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. வகுப்பு தொடங்கும்போது தினம் இரண்டு என்று வருடம் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்தி விடைகளுக்குப் பெரிய பத்தியை மனப்பாடம் செய்ய விடாமல், கதைக்கு ஆறு குறிப்புச் சொல் மட்டும் கொடுத்து, அவற்றை வைத்துச் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கும். ப்ராஸ்பெரோவுக்குச் சிறகு முளைக்காது.

தேர்வின் கடைசி 10 நிமிடம் முழுத் தாளையும் சரிபார்க்கச் சொல்லாதீர்கள், பதற்றத்தில் சரியானதையும் அடித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு அதிகம் வரும் இரண்டு பிழை தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டை மட்டும் தேடட்டும். போன வருடம் ஆங்கிலத் தேர்வு முடிந்து வெளியே வந்த ஒருத்தியிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், "நல்லா எழுதியிருக்கேன் டீச்சர். கடைசியில பாத்து, மூணு இடத்துல கூடையை இறக்கிட்டேன்."